நீலகிரியும் அதன் பழங்குடி மக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடலூர் பக்கம் குடியிருக்கிறேன். சமவெளியிலிருந்து சொந்தக்காரர்கள் வருவார்கள், நண்பர்களின் நண்பர்கள் வருவார்கள், கல்லூரிப் பிள்ளைகள் புராஜெக்ட் என்று நோட்டுப் புத்தகத்தோடு வருவார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லிச் சலித்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன். யார் என்ன கேட்டாலும் பதிலுக்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "மேலேயா, கீழேயா?" அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நீலகிரி என்றால் ஊட்டிதானே?

இல்லை. ஊட்டி, குன்னூர், குந்தா, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்கள். முதல் நான்கின் பெரும்பகுதி பீடபூமியின் மேல் இருக்கிறது. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். நாங்கள் "மேலே" என்று சொல்வது இதை. கூடலூரும் பந்தலூரும் ஆயிரம் மீட்டரை ஒட்டிய வயநாட்டுச் சரிவு. 1877-ல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள். இது "கீழே". மேலே ஜனவரியில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்போது, கீழே காப்பியும் குறுமிளகும் காய்த்துக்கொண்டிருக்கும். மழைகூட வேறு. கூடலூர், தேவாலா, அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரிப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம்.

காடு, மண், மழை எல்லாம் இப்படி இரண்டாகப் பிரிந்து கிடக்கும் மலையில் மனிதர்கள் மட்டும் ஒரே மாதிரி இருப்பார்களா?

எத்தனை பழங்குடிகள்?

அரசுக் கணக்கில் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தமிழ்நாட்டின் பட்டியலில் 37 பழங்குடிகள் இருக்கிறார்கள். அதில் "குறிப்பாகப் பாதிப்புக்குள்ளாகும் பழங்குடி" என்று மத்திய அரசு தனியாகப் பிரித்து வைத்திருப்பது ஆறு. அந்த ஆறும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

ஆனால் ஆறு என்பது அலுவலகக் கணக்கு. குறும்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். குன்னூர், கோத்தகிரிச் சரிவில் ஆலுக் குறும்பர். முதுமலை ஓரத்தில் பெட்டக் குறும்பர். பந்தலூர் பக்கம் வயலும் வரப்புமாக வாழ்கிற முள்ளுக் குறும்பர். இவர்களுக்குப் பேச்சு வேறு, தெய்வம் வேறு, ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பதும் கிடையாது. சான்றிதழில் மட்டும் எல்லோரும் "குறும்பா".

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி மாவட்டத்தில் 7,35,394 பேர். அதில் பழங்குடியினர் 32,813. நூற்றுக்கு நாலரைப் பேர்கூட வரவில்லை. தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்.

படகர்கள் பழங்குடி இல்லையா?

இந்தக் கேள்வியை ஊட்டி டீக்கடையில் சத்தமாகக் கேட்காதீர்கள், சாயந்திரம் வரை விவாதம் ஓடும். இன்றைய நிலையில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். விஜயநகர வீழ்ச்சியை ஒட்டிய நூற்றாண்டுகளில் மைசூர்ப் பக்கமிருந்து மேலே வந்தவர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதை ஏற்காத படகர்களும் நிறையப் பேர். அவர்கள் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கம், ஊருக்குப் பெயர் ஹட்டி. பீடபூமியில் எண்ணிக்கையிலும் விவசாயத்திலும் அரசியலிலும் முன்னால் நிற்பது அவர்கள்தான். என் சொந்தக் கருத்தைக் கேட்டால், பட்டியல் என்பது வரலாற்றை முடிவுசெய்யும் இடமல்ல, சலுகையைப் பங்கிடும் இடம். சண்டையும் அதனால்தான் வருகிறது.

வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது?

ஒன்றுமில்லாத காட்டை ஜான் சல்லிவன் கண்டுபிடித்தார் என்று இன்னமும் சுற்றுலா வழிகாட்டிகள் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் மேலே வந்தது 1819-ல். அதற்கு ஏழு நூற்றாண்டுக்கு முன்பே, 1117-ம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டு ஒன்று, விஷ்ணுவர்தனனின் தளபதி தோடர்களை அச்சுறுத்தி நீலமலையைக் கைக்கொண்டதாகப் பெருமையடிக்கிறது. 1603-ல் ஃபினிசியோ என்ற பாதிரியார் மலபாரிலிருந்து ஏறி வந்து தோடர்களைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

உதகமண்டலம் என்ற பெயரிலேயே "மந்து" ஒட்டிக்கொண்டிருக்கிறது. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஒத்தக்கல் மந்துதான் ஆங்கிலேயர் வாயில் உருண்டு, திரும்ப நம் வாயில் விழுந்து உதகமண்டலம் ஆனது. சல்லிவன் அங்கே கல் வீடு கட்டத் தோடரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் கணக்கில் நிலம் வாங்கியதாகச் சொல்வார்கள்.

அப்போது மேலே ஒரு கொடுக்கல் வாங்கல் முறை இருந்தது. தோடர் வீட்டிலிருந்து நெய் வரும். கோத்தர் கத்தி, மண்வெட்டி, மண்பானை செய்து தருவார்கள், சாவு வீட்டில் குழலும் மேளமும் வாசிப்பார்கள். படகர் ராகியும் சாமையும் அளந்து கொடுப்பார்கள். குறும்பர் காட்டிலிருந்து தேனும் மருந்தும் கொண்டுவருவார்கள். காசு புழங்கவில்லை. குடும்பத்துக்குக் குடும்பம் தலைமுறை உறவு. இதைத் தேனும் பாலுமாகப் பாடுகிறவர்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன்: குறும்பரின் மந்திரத்துக்குப் பயந்து மற்றவர்கள் அவர்களுக்குப் படியளந்தார்கள். ஊரில் நோய் வந்தால் "சூனியம் வைத்துவிட்டான்" என்று அதே குறும்பரைக் கொன்ற சம்பவங்கள் 19-ம் நூற்றாண்டில் பல தடவை நடந்திருக்கின்றன. சந்தையும் காசும் வந்து 1930-களோடு அந்த முறை ஏறக்குறைய அறுந்துபோனது.

தோடர்கள் இன்னும் அந்த வளைந்த வீட்டில்தான் இருக்கிறார்களா?

பெரும்பாலோர் இல்லை. கான்கிரீட் வீடு, டிஷ் ஆன்டெனா, வாசலில் ஜீப். பீப்பாயைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போன்ற பழைய வீடு சில மந்துகளில் மட்டும் நிற்கிறது. பால் கோயில்கள் விஷயம் வேறு. அவற்றுக்கு இன்றும் பிரம்பும் புல்லும்தான். கூரைக்கு எந்தப் புல்லும் ஆகாது, சதுப்பில் விளையும் ஒரு குறிப்பிட்ட புல்லே வேண்டும். சதுப்பு கேரட் தோட்டமாகவும் யூகலிப்டஸ் காடாகவும் ஆகிவிட்டதால், ஒரு கோயில் கூரையைப் புதுப்பிக்கப் புல் தேடி எங்கெங்கோ அலைகிறார்கள்.

வாசல் மிகச் சின்னது. குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் போக வேண்டும். எருமைப் பால் கடைவதே அங்கே வழிபாடு. தோடர்கள் சைவம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. பழங்குடி என்றாலே வேட்டை என்று நம் தலையில் எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போது கணவன் அவள் கையில் ஒரு சின்ன வில்லும் அம்பும் கொடுக்கும் சடங்கு இன்னும் நடக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கு இவன்தான் அப்பா என்று ஊரறியச் சொல்வது அது. வேட்டை ஆடாதவர்கள் வீட்டில் வில்லுக்கு இப்படி ஒரு வேலை.

தோடர் சால்வை அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பருத்தித் துணி, சிவப்பும் கறுப்பும் நூல். துணியில் பென்சிலால் எந்தக் கோடும் போடுவதில்லை, சட்டமும் மாட்டுவதில்லை. அந்த அம்மா விரல் நுனியால் இழையை எண்ணுவார், எண்ணி ஊசி விடுவார். கூடப் பேசிக்கொண்டே இருப்பார், எண்ணிக்கை தப்பாது. நாம் உள்பக்கம் என்று நினைக்கிற, நூல் புடைத்துக்கொண்டு நிற்கும் பக்கம்தான் அவர்களுக்கு மேல்பக்கம். போர்த்தும்போது அதுதான் வெளியே தெரியும். மெஷினில் அடித்ததில் அந்தப் புடைப்பு வராது. இதற்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு முழுச் சால்வை முடிக்க வாரக் கணக்கில் ஆகும். அதனால் ஊட்டி ரோட்டோரத்தில் முந்நூறு ரூபாய்க்குத் தொங்குவது என்னவென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இருளர் என்றால் பாம்பு பிடிப்பவர்கள்தானே?

அது செங்கல்பட்டுப் பக்கத்து இருளர். வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்துப் பாம்பு விஷம் எடுப்பவர்கள் அவர்கள். நீலகிரியின் கிழக்குச் சரிவில் இருக்கும் இருளர் சாமையும் ராகியும் விதைத்தவர்கள். இன்று எஸ்டேட்டில் கூலிக்கும் போகிறார்கள். கோத்தகிரி அருகே ரங்கசாமி மலையில் பூசாரி இருளர்தான். என் நண்பர் ஒருவர் மாமரம் என்ற ஊருக்கு அருகே ஒரு இருளப் பெரியவரிடம் "ஐயா, பாம்பு பிடிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னார்: "எனக்குப் பயமுங்க. நீங்க பிடிங்க, நான் பார்க்குறேன்."

மலைத்தேன் எப்படி எடுக்கிறார்கள்?

ஆலுக் குறும்பர் பாறை முகட்டில் எடுப்பதைச் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை பருவம். காட்டுக்கொடியைப் பின்னி ஏணி செய்வார்கள். பாறை உச்சியில் மரத்தில் கட்டி, கீழே பல ஆள் உயரத்துக்குத் தொங்க விடுவார்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் இறங்குவது. புகை போட்டு ஈயை விலக்கி, கூட்டை அறுப்பார்கள்.

மேலே கயிற்றைக் காவல் காக்கிறவர் யார் தெரியுமா? இறங்குகிறவரின் மச்சினன், அதாவது மனைவியின் கூடப்பிறந்தவர். அண்ணன் தம்பிக்குள் பங்காளிப் பகை வரலாம், கை நழுவலாம். தன் அக்கா தங்கை தாலி அறுப்பதை மச்சினன் விரும்ப மாட்டானே! இதைவிடக் கெட்டியான பாதுகாப்பு ஏற்பாடு எந்தக் கம்பெனியிலும் நான் பார்த்ததில்லை.

கீழே இருப்பவர்கள் கதை ஏன் அதிகம் வெளியே தெரிவதில்லை?

தோடரைப் பற்றி அலமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. 1930-களில் எமனோ என்ற மொழியியலாளர் இங்கே தங்கித் தோடா, கோத்தா மொழிகளைப் பதிவு செய்தார். பணியரைப் பற்றி? எண்ணிக்கையில் தோடரைவிடப் பல மடங்கு பெரிய சமூகம், எழுத்தில் சின்ன மூலை. அவர்களிடம் படம் எடுக்க எருமையோ வினோதக் கூரையோ இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

பணியர் என்ற பெயரே பணியிலிருந்து வந்தது. வயநாட்டு நெல்வயல்களில் கொத்தடிமையாக உழைத்தவர்கள். மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவு திருவிழாவில், அம்மன் சாட்சியாக ஜன்மி, அதாவது நிலச் சொந்தக்காரர், முன்பணம் கொடுப்பார். வாங்கினால் அந்த வருஷம் முழுக்க அவருடைய ஆள். அடுத்த திருவிழாவில் திரும்பப் பேரம். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். வயதான பணியப் பெண்கள் காதில் தாழை ஓலையைச் சுருட்டி, நடுவில் மெழுகு வைத்து, அதில் குன்றிமணி பதித்த தோடு போட்டிருப்பார்கள். அந்தக் காதைப் பார்த்திருப்போம், பெயரைக் கேட்டிருக்க மாட்டோம்.

காட்டுநாயக்கரும் பெட்டக் குறும்பரும் முதுமலையில் யானைகளோடு வளர்ந்தவர்கள். தெப்பக்காடு யானை முகாமில் பாகன், காவடி (பாகனின் உதவியாள்) பலர் இவர்கள்தான். அப்புறம் இன்னொரு வேலையும் வந்திருக்கிறது. காட்டை மூடிக் கெடுக்கும் உண்ணிச்செடியை வெட்டி, வேகவைத்து, வளைத்து, ஆளுயரத்துக்கு மேலான யானைகளைச் செய்கிறார்கள். அந்த யானைக் கூட்டம் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றது.

சொந்த ஊரில் அவர்களுக்கு நிலம் இல்லையா?

இங்கேதான் கூடலூர் சிக்கல் ஆரம்பிக்கிறது. இங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற கேரள அரச குடும்பத்தின் ஜென்மமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக இருந்தது. ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-ல் வந்தது. குத்தகைக்கு விட்ட எஸ்டேட், அதன் 17-வது பிரிவில் தொங்கி நின்றது. கூடலூரில் "செக்‌ஷன் 17 நிலம்" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதில் குடியிருந்தால் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கரண்டுக்கும் இழுபறி. எஸ்டேட் கம்பெனி, கேரளத்திலிருந்து வந்த குடியேறிகள், 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தோட்டத் தொழிலாளர்கள், வனத்துறை என்று எல்லோரும் அதே மண்ணில். எல்லோருக்கும் முன்னாலிருந்தே அங்கே இருந்த பணியரும் காட்டுநாயக்கரும் கேட்கத் தெரியாததால் ஓரத்துக்குப் போனார்கள்.

நாடு முழுக்கக் காடு வெட்டுவதை நிறுத்திய உச்ச நீதிமன்றத்தின் கோதவர்மன் வழக்கு (முதல் பெரிய உத்தரவு 1996 டிசம்பர்) கிளம்பியது இந்தக் கூடலூர்க் காட்டிலிருந்துதான். வழக்குப் போட்டவர் நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்தவர்.

வன உரிமைச் சட்டம் என்ன கொடுக்கிறது?

2006-ம் ஆண்டுச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் குடியிருந்து பயிர் செய்யும் பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை. பிள்ளைகளுக்குப் போகும், விற்க முடியாது. தேன், பூந்திக்கொட்டை, நெல்லி எடுக்கவும் காட்டைப் பராமரிக்கவும் ஊருக்கே சமூக உரிமை உண்டு. மனு கிராம சபையிலிருந்து தொடங்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டுப்பாடு 2016 வரை பட்டா வழங்குவதை நிறுத்தி வைத்திருந்ததால் எல்லாமே தாமதம்.

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று: தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே பழங்குடிப் பகுதிகளுக்கான 1996 பஞ்சாயத்துச் சட்டம் இங்கே செல்லாது. ஆந்திராவில் பார்த்ததை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

சாதிச் சான்றிதழ் யார் தருகிறார்கள்?

பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் அலுவலகத்தில். தாசில்தார் தருவதில்லை.

சிக்கிள் செல் நோய் என்று சொல்கிறார்களே?

இந்தியாவிலேயே அது முதன்முதலில் கண்டறியப்பட்டது இந்த மலையில்தான், 1952-ல். இரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்து, மெல்லிய குழாய்களில் அடைத்துக்கொள்ளும். மூட்டு வலி, காய்ச்சல், சோகை. பரம்பரையாக வருவது, தொற்றாது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இருக்காது, மலேரியாவைத் தாங்கும் தன்மைகூட உண்டு. மலேரியா இருந்த கீழ்க்காட்டு மக்களிடம், பணியர், குறும்பர், இருளரிடம், இது அதிகம். குளிர்ந்த பீடபூமித் தோடரிடம் அப்படி இல்லை. மறுபடியும் மேலேயா, கீழேயாதான். கல்யாணத்துக்கு முன்னால் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். கூடலூரில் பழங்குடியினருக்கென்றே நடக்கும் ஆதிவாசி மருத்துவமனையில் இதற்குத் தொடர் சிகிச்சை உண்டு.

மந்துக்குள் போய்ப் பார்க்கலாமா?

ஊட்டி தாவரவியல் பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்து இருக்கிறது. பலர் அப்படியே ஏறிப் போய்விடுகிறார்கள். அது ஒரு தெரு, மியூசியம் அல்ல. உங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்று "ஃபோட்டோ எடுக்கலாமா?" என்றுகூடக் கேட்காமல் எடுத்தால் எப்படி இருக்கும்? தெரிந்தவர் கூட்டிப்போனால் போங்கள். பால் கோயில் பக்கம் போகாதீர்கள், பெண்களுக்கு அங்கே அனுமதியே கிடையாது. சரி, என்னதான் பார்ப்பது என்றால், ஊட்டி அருகே முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஆறு சமூகத்தின் வீடும் மாதிரிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

குறிஞ்சி எப்போது பூக்கும்?

2018-ல் பூத்தது. பன்னிரண்டு கூட்டிக்கொள்ளுங்கள்.

வருவதற்கு என்ன முன்னேற்பாடு?

2024 மே 7 முதல் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதீர்கள், சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். மைசூர்ப் பக்கமிருந்து வந்தால் பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். எட்டரைக்குள் வந்துவிடலாம் என்று யாரும் தைரியம் சொன்னால் நம்ப வேண்டாம்.

உண்மையிலேயே ஒதுக்குப்புறமான ஊர் எது?

ஆனைப்பள்ளம், சடையன் கொம்பை என்று குன்னூர்ச் சரிவில் சில இருக்கின்றன. ஆனால் நான் சொல்வது தெங்குமரஹாடா. கோத்தகிரி வட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கோத்தகிரியிலிருந்து நேரே இறங்க ரோடு கிடையாது. மேட்டுப்பாளையம் போய், அடுத்த மாவட்டத்துக்குள் நுழைந்து, பவானிசாகர் சுற்றி, புலிக்காட்டு மண் பாதையில் பஸ் ஆடி ஆடி மாயாற்றங்கரையில் நிறுத்தும். அதற்கு மேல் பரிசல். வனத்துறை அனுமதி இல்லாமல் வெளியாட்கள் போக முடியாது. மாயாற்றில் வெள்ளம் வந்தால் பரிசல் போடமாட்டார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் அரிசி மூட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, அக்கரையில் தெரியும் வீட்டுப் புகையைப் பார்த்தபடி தண்ணீர் வடியக் காத்திருப்பார்கள்.